விரல் நுனித் தண்ணீர்

தளவாய் செத்து இருபத்திரண்டு நாளாகியும் இசக்கியம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தச்சநல்லூர் வாய்க்கால் தெருவில் இதைப் பேசாத வாய் கிடையாது. துட்டிக்கு வந்த பொம்பளைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு மாரடித்து அழுதார்கள். அவள் கழுத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்தவர்களுக்கு எழுந்துபோய்க் கருப்பட்டிக் காப்பி போட்டாள். துட்டி வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. யாரோ ஓடிவந்து அடுப்பில் தண்ணீரைக் கொட்டி அணைத்தார்கள்.

“கல்லுல்லா அவ” என்றாள் குழாயடியில் ஒருத்தி. “மலை மாதிரி ஆம்பளைய வாரிக் கொடுத்துட்டு, ரேசன் கடையில நிக்குத மாதிரில்லா நிக்கா.”

இசக்கியம்மாவுக்குக் காது கேட்கத்தான் செய்தது. அவளுக்கே அது அதிசயமாகத்தான் இருந்தது. காலை மடக்கி உட்கார்ந்தால் மரத்துப் போகும், எழுந்து உதறினால் சரியாகிவிடும். ஆளே மரத்துப் போனால் எதைப் பிடித்து உதறுவது? பதினாறாம் நாள் சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி கையில் கொட்டியது. அவளுடைய ஒரே மகள் தேன்மொழி, வீட்டில் இருந்து பீடி சுற்றுகிறவள், பீடித் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து, “எம்மா, கை வெந்துட்டு” என்று இழுத்தாள். அப்புறந்தான் இசக்கியம்மா கையைப் பார்த்தாள். யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

மகள் அழுதாள். சும்மா சொல்லக்கூடாது, தாய்க்கும் சேர்த்து அந்தப் பிள்ளை அழுதது.

தளவாய் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். ஆள் என்றால் ஆள், அப்படி ஒரு ஆள். மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு பலகையில் ஏறினால் பலகைதான் முனகும், அவன் முனக மாட்டான். சாயங்காலம் வந்ததும் வாசலில் நின்றபடியே செம்பை அண்ணாந்து ஊற்றிக்கொள்வான். ஒரு செம்பு இல்லை, மூன்று செம்பு. “ஏளா, செம்பு எந்த மூலைக்குக் காணும், ஆத்தையே கொண்டா” என்பான். தினமும் அதையேதான் சொல்வான். அவளும் தினமும் அதற்குச் சிரிப்பாள்.

ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு காலையில், நனைந்த பலகை வழுக்கி விட்டது. அவன் மல்லாக்க விழ, மூட்டை அவன் வயிற்றில் விழுந்தது. மில் வேனிலேயே போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே குடல் கிழிந்திருந்தது. வயிற்றைத் திறந்து தைத்தார்கள். தையல் கூடுகிறவரை வாய்வழியாக ஒன்றுமே போகக் கூடாது, தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஆகாது, போனால் ஆளுக்கே ஆபத்து என்று டாக்டர் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னார். நர்சம்மா வேறு இரண்டு தடவை சொன்னாள். இசக்கியம்மா சொன்ன சொல் கேட்கிறவள்.

முதல் நாள் அவன் கேட்டான். “ஏளா, ஒரு வாய்த் தண்ணி.”

“நாளைக்குத் தரச் சொல்லியிருக்காவ. பொறுத்துக்கிடுங்க” என்றாள்.

இரண்டாம் நாளும் கேட்டான். குடிக்க வேண்டாம், கொப்பளித்துத் துப்பிவிடுகிறேன் என்றான். அவன் துப்ப மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவனோடு இருபது வருஷம் இருந்தவள் அல்லவா. மாட்டேன் என்றுவிட்டாள். மூன்றாம் நாள் பேச்சு நின்றுவிட்டது. நாக்கை வெளியே நீட்டி, ஆள்காட்டி விரலை அதன் நுனியில் வைத்துக் காட்டினான். ஒரே ஒரு சொட்டு. கட்டிலுக்குப் பக்கத்தில், அவள் தனக்கென்று பிடித்து வைத்திருந்த தண்ணீர் மூடி போட்டு இருந்தது. அவள் அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில், அவன் கண்ணில் படாத இடத்தில் வைத்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு உயிர் போயிற்று.

“நீ கொடுத்திருந்தாலும் இதுதாம்மா நடந்திருக்கும். ஒன் மேல ஒரு தப்பும் கிடையாது” என்று நர்சம்மா அவள் தோளைப் பிடித்துச் சொன்னாள். நல்ல மனசு அந்தப் பிள்ளைக்கு. ஆனால் பாடையைத் தூக்குமுன் தளவாயின் அண்ணன் வந்து கேட்டார், “கடைசியா வாயில தண்ணி விட்டியாளா?” பெற்ற தாயோ கட்டியவளோ ஒரு சொட்டு விட்டுத்தானே அனுப்ப வேண்டும். இசக்கியம்மா, “இல்லை” என்றாள். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அந்த “இல்லை”யோடு அவளுக்குள் எல்லாம் நின்றுபோயிற்று.

இத்தனைக்கும் வீட்டில் மாலை போட்டு மாட்ட அவனுடைய ஒரு போட்டோ கிடையாது. கல்யாணத்தில் எடுக்கவில்லை. அவன் செத்த வருஷந்தான் முதல்முதலாக ஓட்டு அட்டைக்குப் பள்ளிக்கூடத்தில் உட்கார்த்தி வைத்துப் போட்டோ பிடித்தார்கள். அன்றைக்கு லாரி வந்திருக்கிறது என்று இவன் போகவில்லை. மில்லில் ஆயுதபூசைக்கு எடுத்த படத்தில் பின்வரிசையில் நின்றவன், சரியாக அந்த நேரம் பார்த்துக் குனிந்து செருப்பைத் தேடியிருக்கிறான். முதுகு மட்டும் விழுந்திருந்தது.

“எம்மா, அப்பா மொகந்தான் சர்ச்சு மண்டபத்துச் செவுத்துல இருக்கே” என்று தேன்மொழிதான் பத்தொன்பதாம் நாள் நினைவுபடுத்தினாள்.

அது ஒரு கூத்து. மில்லுக்கு எதிர்ச் சந்தில் புதிதாக ஒரு சர்ச் மண்டபம் கட்டியிருந்தார்கள். பாதிரியார் ஒரு மாநாட்டுக்கு இத்தாலி போய்விட்டு, அங்கே ஒரு பழைய படத்தின் அச்சை வாங்கி வந்திருந்தார். நானூறு வருஷத்துக்கு முந்தி அந்த ஊர்க்காரர் ஒருவர் பைபிளிலிருந்து வரைந்த படமாம். நடுவில் ஒரு பணக்காரன் விருந்து சாப்பிடுகிறான், வாசற்படியில் ஒரு ஏழை கிடக்கிறான். அதை மண்டபச் சுவர் முழுக்க வரைந்து தரச் சொல்லி டிராயிங் வாத்தியார் பாக்கியசீலனிடம் கொடுத்தார். “துணிமணி அந்த ஊரு மாதிரியே இருக்கட்டும். மொகம் மட்டும் நம்ம ஊரு மொகமா இருக்கட்டும்” என்று ஒரு சொல்லும் சொல்லி வைத்தார்.

வாத்தியார் நேரே மில்லுக்கு வந்தார். பணக்காரனுக்கு ஆகிற உடம்பு தளவாயிடந்தான் இருந்தது. ஏழைக்கு ஆகிற உடம்பு யாரிடம் இருந்தது என்கிறீர்கள்? எடை மேடையில் நிற்கும் தில்லைநாயகம் பிள்ளையிடம். நாங்குநேரிப் பக்கம் கண்ணுக்கு எட்டினவரை வயல் வைத்திருந்த குடும்பம். வயல் எல்லாம் போய், குடல் புண்ணும் வெறும் மோரும்தான் மிச்சம். விலா எலும்பை எட்டி நின்று எண்ணலாம். அவரிடம் போய்ப் பிச்சைக்காரன் என்று சொல்ல முடியுமா? “முற்றும் துறந்த ஒரு பெரியவர் அண்ணாச்சி, கடைசியில நேரா மோட்சத்துக்குப் போயிருதாரு” என்றார் வாத்தியார். பொய் என்று சொல்ல முடியாது. பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்து கொடுத்தார்.

நாலு ஞாயிற்றுக்கிழமை தளவாய் போனான். வாத்தியார் வீட்டுக் கதவுத் திரையை, நல்ல சிவப்பு வெல்வெட்டு, உடம்பில் சுற்றி, தலையில் ஒரு துண்டைக் கட்டி, முன்னால் திராட்சைக் குலையை வைத்து உட்கார்த்தியிருந்தார்களாம். வரைந்து முடித்ததும் குலையை அவனிடமே கொடுத்துவிட்டார்கள். அதை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

“ஏளா, இன்னைக்கு நான் ராசா. பிள்ளைவாள் எனக்குக் கீழ படியில கெடக்காரு, பாவம், கால் மரத்துப் போயி எழுந்திரிக்கவே முடியலை அவருக்கு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

நாலாவது ஞாயிறு வந்து சொன்னது வேறு. “இன்னைக்கு நாக்க நீட்டச் சொன்னாரு வாத்தியாரு. டாக்டர்ட்ட காட்டுத மாதிரி நீட்டிக்கிட்டே ஒரு மணி நேரம் இருந்தேன். என்னத்துக்குன்னு தெரியலை.” அதற்கும் இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவன் விழுந்துவிட்டான்.

படம் திறந்த அன்றைக்கு அவன் செத்துப் பதினோராம் நாள். வாத்தியார் தலை குனிந்துகொண்டு வந்து, “திறப்ப ஒத்தி வைக்கட்டா?” என்று கேட்டார். இசக்கியம்மா வேண்டாம் என்றுவிட்டாள். அன்றைக்குப் படத்தைப் பார்த்த பிள்ளைதான் கொதித்துப் போனார். துறவி என்று உட்கார்ந்தவருக்கு உடம்பெல்லாம் புண் போட்டு, புண்ணை நக்க இரண்டு நாயையும் நிறுத்தியிருந்தார் வாத்தியார். சொந்தக்காரன் ஒருத்தன், “என்ன மாமா, திருவோடு எங்க வச்சிய?” என்று கேட்டுவிட்டானாம். இனி அந்த மண்டபத்து நிழலைக்கூட மிதிக்க மாட்டேன் என்று மில்லில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அன்றிலிருந்து அந்தச் சந்தை விட்டுச் சுற்றி வேறு வழியாகத்தான் வீட்டுக்குப் போனார்.

மகள் சொன்ன மறுநாள் இசக்கியம்மா மண்டபத்துக்குப் போனாள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. சுவர் நிறைய, நட்ட நடுவில், சிவப்புப் பட்டு உடுத்தி, மோதிரம் போட்ட கையில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தளவாய் உட்கார்ந்திருந்தான். அவனேதான். இடது புருவத்தில் அந்தத் தழும்புகூட இருந்தது. ஏதோ சொல்லப் போகிறவன் மாதிரி இருந்தான். அவளுக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பிடித்து வைத்த பிள்ளையார் போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பாலம்மாளை அழைத்துக்கொண்டு மறுபடியும் வந்தாள். பாலம்மாள் படத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் மேல் என்ன குற்றம்? பட்டும் தலைப்பாகையுமாக நடுநாயகமாக வீற்றிருப்பவர் சாமி இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? எந்தக் கோயில் படத்தில் சாமி படியில் கிடக்கிறார்? படியில் கிடப்பவன் வரம் கேட்க வந்த பக்தன். நாய் வேறு நிற்கிறது.

“யக்கா, நாய் நிக்கு பாத்தியளா? இது நம்ம பைரவர் மாதிரி ஏதோ ஒரு சாமில்லா? ஒங்க வீட்டுக்காரவிய சாமியால்ல இருக்காவ” என்றாள்.

இசக்கியம்மாவுக்கு அது மனசில் எங்கோ போய் உட்கார்ந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சந்தோஷத்துக்கும் அவளுக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. ஆனால், சாமியாக இருக்கிறவனுக்குத் தாகம் எடுக்காது என்று ஒரு நினைப்பு வந்தது. மறுநாள் இரண்டு முழம் பிச்சிப்பூ வாங்கி வந்து படத்துக்குக் கீழே வைத்தாள். பாலம்மாள் மகளுக்கு நல்ல இடம் அமையவேண்டும் என்று சூடம் கொளுத்தினாள். புதுத் தரையில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது.

அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் சாரம்மாள் வந்து சேர்ந்தாள். சாரம்மாள் மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அவ்வளவு மோசமில்லை. இருபத்திரண்டாம் நாள் காலையில் இசக்கியம்மா பூவோடு வந்தபோது, சாரம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

“நீதானா அது? யார்றா இது, எரியுதவனுக்குப் போயிச் சூடம் காட்டுததுன்னு பாத்தேன்.”

“இது எங்க வீட்டுக்காரவிய யக்கா.”

“அது தெரியும். தளவாய எனக்குத் தெரியாதா? மொகம் அவன் மொகம். ஆளு வேற ஆளு. இவன் சாமி இல்லளா. இவன்தான் கெட்டவன்.”

இசக்கியம்மா பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சாரம்மாளுக்குக் கதை சொல்ல ஆள் கிடைத்தால் துடைப்பம் தன்னால் கீழே விழுந்துவிடும்.

“இவன் பெரிய பணக்காரன். தினமும் விருந்து. வாசல்ல கெடக்கானே, இவன் பேரு லாசரு. மேல பூரா புண்ணு. மேசையில இருந்து விழுத சோத்துப் பருக்கையாவது கெடைக்காதான்னு கெடக்கான். இவன் ஒரு நாள் குனிஞ்சு பாக்கலை. ரெண்டு பேரும் செத்துட்டாங்க. லாசரு மேல போயி எங்க ஆதித் தகப்பன் ஆபிரகாம் மடியில உக்காந்துட்டான். இவன் தீயில விழுந்துட்டான். அங்க பாரு, மூலையில.”

இசக்கியம்மா அண்ணாந்து பார்த்தாள். இத்தனை நாளும் அவள் நடுவிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையைப் பார்க்கத் தோன்றவில்லை. வலது கை மூலையில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, இருட்டாக ஒரு இடம். அதில் கங்கு மாதிரிச் சிவப்பு. சிவப்புக்கு நடுவில் ஒரு சாண் உயரத்தில் ஒரு ஆள், இடுப்புவரை நெருப்பில். அண்ணாந்திருந்தான். நாக்கு வெளியே நீட்டியிருந்தது. ஆள்காட்டி விரலை நாக்குக்கு நேரே வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன கேக்காவ?” என்றாள் இசக்கியம்மா.

“தண்ணிதான். ‘தகப்பனே, லாசருவ அனுப்பும், அவன் விரல் நுனியத் தண்ணியில தோச்சு என் நாக்கக் குளுரப் பண்ணட்டும்’னு கத்துதான். ஒரு சொட்டுத்தான் கேட்டான் பாவி.”

“கொடுத்தாவளா?”

“எங்க கொடுக்க? முடியாதுன்னுட்டாரு ஆபிரகாம். ஒனக்கும் எங்களுக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கு, இங்கன இருந்து அங்கன யாரும் வர முடியாதுன்னுட்டாரு.” சாரம்மாள் அதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று தெருவுக்கே தெரியும், இவளுக்குத் தெரியாமலா? வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, நான் ஒரு கூறுகெட்டவ. ஏளா, அது கதைளா. தளவாய் பாவம், யாரு வாயில மண்ணப் போட்டான்? மொகம்தான் அவன் மொகம்.”

இசக்கியம்மா மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் வந்து சொல்லிச் சிரித்திருப்பான். நர்சம்மா சொன்னதையும் டாக்டர் சொன்னதையும் போல இந்த ஆபிரகாம் சொன்னதும் இருந்தது. எல்லாரும் நியாயமாகத்தான் சொல்கிறார்கள். எல்லாரும் கூடாது என்றுதான் சொல்கிறார்கள்.

“யக்கா, அந்த லாசரு என்ன சொன்னான்?”

“லாசரா?” சாரம்மாள் யோசித்தாள். ஐம்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் கேட்கிற கதை. “அவன் ஒண்ணும் சொன்னதா எழுதலையே.”

“அவங்கிட்ட யாரும் கேக்கலையா?”

“கேக்கலை. ஆபிரகாமே முடிச்சு வச்சிட்டாரு.”

இசக்கியம்மா பூவைச் சாரம்மாள் கையில் கொடுத்தாள். வீட்டுக்குப் போய், தளவாய் குடிக்கிற அந்தச் செம்பை எடுத்தாள். சிந்துபூந்துறைக்கு நடந்துபோய், அவன் சாம்பலைக் கரைத்த அதே படியில் இறங்கி, தாமிரபரணியில் மொண்டாள். மழைக்காலத் தண்ணீர், கொஞ்சம் கலங்கலாக ஓடியது. செம்பின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, நேரே மில்லுக்கு வந்து எடை மேடைக்கு முன்னால் நின்றாள்.

“யாரு, தளவாய் பொஞ்சாதியா? மொதலாளி இன்னும் வரலை” என்றார் தில்லைநாயகம் பிள்ளை.

“மொதலாளியப் பாக்க வரலை ஐயா. ஒங்களத்தான்.”

பைய, ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல், விஷயத்தைச் சொன்னாள். கடைக்குப் போய் உப்பு வாங்கி வாருங்கள் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். மூலையில் இருக்கிற படத்தையும், தண்ணீரையும், விரல் நுனியையும் சொன்னாள். பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“ஏ இசக்கி, ஒனக்கு என்ன புத்தி கலங்கிட்டா? அது பெயிண்டு. காரைச் செவுரு.”

“தெரியும் ஐயா.”

“பின்ன? நீயே போயித் தொட்டு வையேன். என்னைய என்னத்துக்குக் கூப்பிடுத?”

“நான் கொடுக்க மாட்டேன்னு சொன்னவ ஐயா. நான் தொடக் கூடாது. அவிய கேட்டது லாசருவ. ஆனா லாசருட்ட யாரும் கேக்கவே இல்லையாம். மேல உள்ளவியளே முடியாதுன்னு சொல்லிட்டாவளாம். அதான், ஒங்ககிட்டயே கேட்டுருவோம்னு வந்தேன்.”

பிள்ளைக்குக் கோபம் வந்தது. “அந்த மண்டபத்த மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன். ஊருக்கே தெரியும்.”

“தெரியும் ஐயா.”

அவள் கெஞ்சவில்லை. போகவும் இல்லை. செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை அவளைப் பார்க்காமல் ஏழு மூட்டையை எடை போட்டார். எட்டாவது மூட்டையை மேடையில் ஏற்றியவன் முள் நின்ற பிறகும் காத்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு எடை சொல்லத் தோன்றவில்லை. கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குடையை எடுத்தார்.

“முன்னால நட. நான் பின்னால வாரேன். சேந்து போனா பாக்குதவன் என்னமாவது சொல்லுவான்.”

மண்டபத்தில் சாரம்மாள் கறுப்பு வட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை உள்ளே வருவதைக் கண்டதும், அந்த நீள வாய்க்காரி ஒரு வார்த்தை பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பிள்ளை படியில் கிடக்கும் தன்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இசக்கியம்மா ஒரு பெஞ்சை இழுத்து மூலையில் போட்டாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நிமிர்ந்து நின்றபோது தீயில் நிற்கிற தளவாயின் முகம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

அவள் செம்பை உயர்த்தினாள். அவர் விரலை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“அன்னைக்கு எங்கிட்டயும் கேட்டான்” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே.

“என்னது ஐயா?”

“விழுந்த அன்னைக்கு. எடை மேடைக்குப் பக்கத்துலதான் கெடந்தான். ‘ஐயா, தண்ணி’ன்னான். எங் கூஜா காலடியிலதான் இருந்தது, நெறயத் தண்ணி. அதுல நான் யாருக்கும் கொடுக்கது இல்லை, எங்க வீட்டுல அப்படி ஒரு பழக்கம். குழாயில பிடிச்சிட்டு வாங்கலேன்னு சத்தம் போட்டேன். பிடிச்சிட்டு வாரதுக்குள்ள வேன் வந்துட்டு. அவன் கூஜாவையே பாத்துக்கிட்டுக் கெடந்தான்.”

இசக்கியம்மா செம்பை இறக்கவில்லை. அவரை வைய வேண்டும் என்று தோன்றவில்லை. கட்டிலுக்கு அடியில் அவள் ஒளித்து வைத்த தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது.

“தொட்டு வைங்க ஐயா” என்றாள்.

பிள்ளை விரலை அவளுடைய செம்புக்குள் விட்டார். நனைந்த நுனியை எடுத்து, சுவரில் நீட்டியிருந்த அந்தச் சின்ன நாக்கில் வைத்தார். தண்ணீர் அங்கே நிற்கவில்லை. முகவாயில் இறங்கி, மார்பில் ஓடி, தீயின் வழியாக ஒரு கோடு போட்டுக்கொண்டு கீழே வந்தது. இன்னொரு தடவை தொட்டு வைத்தார். மூன்றாவது தடவையும் வைத்தார்.

“போதுமா?” என்று கேட்டுவிட்டு, இறங்குவதற்கு ஒரு காலை எடுத்தார்.

“எறங்கிராதிய ஐயா” என்றாள் இசக்கியம்மா. “அவியளுக்கு அது காணாது. அவிய மூணு செம்பு குடிப்பாவ. ஆத்தையே கொண்டான்னு…”

அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. எங்கேயோ அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அது தன்னிடமிருந்துதான் வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. செம்பு சாய்ந்து, தண்ணீர் அவள் முழங்கை வழியாக வழிந்து சேலையை நனைத்தது. வெந்த கை எரிந்தது. செம்பை மட்டும் அவள் கீழே விடவில்லை. வெளியே வாளியோடு நின்ற சாரம்மாள் உள்ளே வர ஒரு அடி எடுத்து வைத்தவள், நின்றுவிட்டாள்.

தில்லைநாயகம் பிள்ளை எடுத்த காலை மறுபடியும் பெஞ்சில் வைத்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையை மறுபடியும் செம்புக்குள் விட்டார்.